செலவும் பாதுகாப்பும்

ஜொகூர் மாநிலத்தின் காஹாங் வட்டாரத்தில் ஆண்டிறுதியில் பருவமழை கொட்டும். அங்கு வடிகால் அமைப்போர்முன் இரண்டு கேள்விகள் எழும். ‘செலவு எவ்வளவு?’ என்பது வணிக நோக்கு. ‘அடைமழையைத் தாங்குமா?’ என்பது பொறியியல் நோக்கு. சிறிய குழாய் பணத்தை மிச்சப்படுத்தும்; ஆனால், வழியின்றித் தேங்கும் நீர் மண்ணை அரித்துவிடும்.

1993 டிசம்பர் 11ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்தின் உலு கிள்ளானில் ‘ஹைலண்ட் டவர்ஸ்’ அடுக்குமாடிகளுள் ஒன்று நிலச்சரிவால் சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். வடிகால் பணி பத்தில் ஒரு பங்கே முடிந்திருந்தும், நிறைவுற்றதாகப் பொறியாளர் உறுதியளித்ததை நீதிமன்றம் கண்டறிந்தது. மேம்பாட்டு நிறுவனத்தோடு அவரும் பொறுப்பாளி என 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

சிக்கனம் தேவைதான். எனினும், பாதுகாப்பைக் குறைக்கும் சிக்கனத்திற்கு ஒப்பமிட மறுப்பது பொறியாளரின் கடமையாகும்.