ஏலகிரி சூப்பர்! இப்போ அப்படியே இடப்பக்கம் திரும்புங்க

அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். முன்னால் கருநீலத்தில் ஒரு மலை, அதன் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் வெளுத்த நீலத்தில் இன்னொன்று, அதற்கும் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மூன்றாவது. இடுக்குகளில் பனி. கீழே ‘ஏலகிரி, அதிகாலை’ என்று ஒரு வரி, கூடவே வரிசையாக இதயங்கள்.

படம் எடுத்தவர் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. இடப்பக்கம் ரிசார்ட் விளம்பரப் பலகை, ஆளுயர எழுத்தில் போன் நம்பரோடு. வலப்பக்கம் மின்கம்பிகள். காலடியில் சிப்ஸ் பாக்கெட். பின்னால் ஒரு டீக்கடை, அதில் பழைய பாட்டு. இத்தனைக்கும் நடுவே ஒரு சன்னல் அளவு இடம்தான் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சன்னலைக் கச்சிதமாக வெட்டி எடுத்துவிட்டார் மனிதர்!

எப்படி என்று கேட்டேன். “55-250 லென்ஸ் ண்ணா. கடைசி வரைக்கும் ஜூம் போட்டுட்டேன்” என்றார், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.

இவர்கள் ஆம்பூர், வேலூர்ப் பக்கத்தில் சேர்ந்து படமெடுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்; படம் எடுத்தவரும் அதில் ஒருவர். ஷூ கம்பெனியில் கட்டிங் பார்ப்பவர் ஒருவர், தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கும் பாய் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், மாதனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், வேலூரில் படிக்கும் மாணவி ஒருத்தி. பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, இரண்டு பேர் வீட்டில் லென்ஸின் உண்மையான விலை இன்னும் தெரியாது.

முதலில் லென்ஸ் சண்டை. இது இல்லாமல் இவர்களுக்குப் பொழுது விடியாது. கேமராவோடு வந்த 18-55 கையில் இருக்கும், அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், ஊர் உலகம் எல்லாம் “இயற்கைக் காட்சியா? அகல லென்ஸ் வாங்கு” என்று சொல்லும். தம்பியும் அப்படித்தான் ஒரு 10-18 வாங்கினார். ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு வயல்வரப்பில் நின்று ஏலகிரியை எடுத்தார். படத்தில் மலையைக் காணோம்! இருக்கிறது, தேட வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ஏலகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர்; கீழே சமவெளியே 400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக நம் கண்ணுக்கு எழுந்து நிற்பது 700 மீட்டர்தான். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று 10 மி.மீ. லென்ஸில் எடுத்தால், சாதாரண ஏ.பி.எஸ்-சி கேமராவில் மலை படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சம் முழுக்க வானமும் வரப்பும். அதே இடத்தில் 55 மி.மீ. போட்டால் பாதிப் படத்தை மலை அடைத்துக்கொள்ளும். 200-க்குப் போனால் உச்சி ஒரு பக்கம் அடிவாரம் ஒரு பக்கம் என்று வெட்ட வேண்டிவரும்.

இந்தப் பக்கத்து நிலமே அப்படி. தட்டையான பாலாற்றுச் சமவெளி, தெற்கே ஜவ்வாது மலைத்தொடர், மற்றபடி திடீர் திடீரென்று எழும் பாறைக் குன்றுகள். எல்லாமே தூரத்தில் நிற்பவை. என் கட்சி இதுதான்: வேலூர், ஆம்பூர்க்காரர்கள் முதலில் வாங்க வேண்டியது நீள லென்ஸ். அகல லென்ஸ் ஆசையைப் போனஸ் வரும்வரை தள்ளிப்போடலாம். மலைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்க வைப்பது நீள லென்ஸின் மாயம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒட்ட வைப்பது தூரம். லென்ஸ் அதில் ஒரு துண்டை நறுக்கித் தருகிறது, அவ்வளவுதான். 18-ல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே அடுக்கு வரும், புள்ளி புள்ளியாக.

ஒரு சங்கடம் உண்டு. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் சூட்டில் காற்றே நெளியும். 250-ல் எடுத்த மலையும் நெளியும். எவ்வளவு விலை லென்ஸானாலும் தப்பாது. அதனால்தான் இவர்கள் நாலரை மணிக்கு எழுந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். மழை ஓய்ந்த மார்கழி, தை காலைகள்தான் அறுவடைக்காலம்.

இப்போது நான் ரொம்ப ரசித்த விஷயம். இவர்கள் கேமராப் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒவ்வொரு பையிலும், ஒவ்வொரு லென்ஸ் பக்கத்திலும், ‘சாப்பிடாதீர்’ என்று எழுதிய குட்டிக் குட்டி வெள்ளைப் பொட்டலங்கள். சிலிக்கா ஜெல்! ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ பெட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற அதே பொட்டலம். மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குவதை இங்கே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். லென்ஸுக்கும் பூஞ்சைதான் எமன். ஈரமான அலமாரியில் கிடந்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தோலூரில் இருந்துகொண்டு யாரும் தோல் உறையில் லென்ஸ் வைப்பதில்லை. “தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சிக்கும் சார். உறை அழகா இருக்கும், உள்ளே காளான் பயிர்தான்” என்றார் பாய். சொல்பவர் தோல்காரர். வேறு சாட்சி எதற்கு?

பாயிடம் இன்னொரு வித்தை உண்டு. ஃபினிஷிங்கில் தோலின் நிறத்தை வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரியோடு ஒப்பிட ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே பலவகை விளக்குகள்: பகல் வெளிச்சத்துக்கு ஈடான, 6,500 கெல்வின் டி65 ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, மஞ்சள் பல்புக்கு ஒன்று. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புகள் இன்னொன்றில் பிரிந்து நிற்கும். தினமும் அதில் கண்ணைப் பழக்கியவரிடம் போய் ஒயிட் பேலன்ஸ் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? மாணவி எடுத்த சூரியோதயப் படத்தை ஒரு பார்வை பார்த்தார். “சிவப்பு ஏத்திட்டியேம்மா. இந்த லாட் ரிஜக்ட்.”

வேலூர்க் கோட்டைக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், சுற்றிலும் அகழி, 1806-ல் சிப்பாய்கள் எழுந்த இடம் என்பதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கேமராக்காரர்களுக்கு அகழிதான் எல்லாம். காற்று எழும் முன் கருங்கல் மதில் தண்ணீரில் தலைகீழாக அப்படியே விழும். இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறை ஏமாறுகிறார்கள்: வானம் நீலமாக வேண்டுமென்று போலரைசர் ஃபில்டரை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கத் திருகிவிடுவார்கள். வானம் வரும், நிழல் போய்விடும்! தண்ணீர்ப் பளபளப்பை அறுப்பதுதானே அதன் வேலை. பாதித் திருகலில் நிறுத்தினால் இரண்டுக்கும் சமாதானம்.

மத்தியத் தொல்லியல் துறையின் இடம், ட்ரைபாட் வைக்க அனுமதி வேண்டும். அதற்குப் பதிலாக ரயில்வேக்காரர் துணிப்பையில் அரிசி நிரப்பிக் கொண்டுவருகிறார். சுவர்மேல் பையைப் போட்டு, அதில் லென்ஸை அழுத்தி வைத்தால் அசையாது. உள்ளே சீரகச் சம்பாவா என்றேன். “அது பிரியாணிக்கு. இது ரேஷன்” என்றார், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே.

கோட்டை முழுசாக, அகழியோடு சேர்த்து வேண்டுமா? கிழக்கே குன்றுகள்மேல் ஏற வேண்டும். 1677-78 முற்றுகையில் மராட்டியர்கள் கோட்டையைப் பீரங்கியால் அடிக்கக் குன்றுகளின்மேல் சாஜ்ரா, கோஜ்ரா என்று சிறு கோட்டைகள் கட்டினார்கள். பீரங்கிக்குத் தோதான இடம் டெலி லென்ஸுக்கும் தோதான இடம் என்பது எனக்கு மகா சந்தோஷத்தைக் கொடுத்தது! மறைப்பு இல்லாத பார்வை, காலைச் சூரியன் நம் முதுகில், ஊர் முழுவதும் முன்னால் வெளிச்சத்தில். தனியாக மட்டும் ஏறாதீர்கள்.

அகல லென்ஸ்காரர்களைக் கிண்டலே செய்துகொண்டிருந்தால் தம்பி கோபித்துக்கொள்வார். அவருக்காகப் பாலாறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டபோது அதையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வறண்ட ஆறு அகல லென்ஸுக்கு விருந்து. முழங்காலில் உட்கார்ந்து, மணல் வரிகளை மூக்குக்குக் கீழே வைத்து, 18 மி.மீ.யில் எஃப்8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து மலை வரை எல்லாம் கூர்மையாக விழும். எஃப்22 வரை போக வேண்டாம். துவாரம் மிகவும் சுருங்கினால் ஒளி சிதறிப் படமே மழுங்கும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரிக்கும் கபிலருக்கும் நடுவே வண்டியை நிறுத்தி அகல லென்ஸில் எடுக்காதீர்கள், பின்னால் பஸ் வரும்.

முன்புலத்துக்கு ஒரு பூ வேண்டும் என்றால் குன்றுச் சரிவுகளில் ஆவாரை. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். இதன் பட்டையில்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோலெல்லாம் பதமாயின. பிறகு வாட்டில் பட்டை கப்பலில் வந்தது, அப்புறம் குரோமியம். குரோமில் ஊறி வெளியே வரும் ஈரத்தோல் வெளிர்நீலமாக இருக்கும், பெயரே ‘வெட் ப்ளூ’. ஆவாரை இப்போது கேமராவுக்கு மட்டும் நிற்கிறது.

இரவுப் பைத்தியங்களும் உண்டு. அவர்கள் ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் போவார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்கும் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். 1988-ல் ஒரு சிறுகோளை இங்கே கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அதைப் பிடித்த ஷ்மிட் தொலைநோக்கி, யோசித்துப் பார்த்தால், பரந்த வானத்தைப் படமெடுக்கிற ஒரு கேமராதான்! தம்பிக்கு இதைச் சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்மவர்களின் கணக்கு எளிது: 18 மி.மீ.யில் பதினெட்டு விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவது படத்தில் தெரியும், நட்சத்திரம் கோடாகும். அடிவானத்தில் ஒரு ஆரஞ்சு மினுக்கம் வரும். பாலைவன அந்தி என்று நினைக்க வேண்டாம், அது சமவெளி ஊர்களின் விளக்கு.

கடைசியில் எல்லாரும் ஆம்பூரில் பிரியாணிக் கடை மேசையைச் சுற்றி. கத்திரிக்காய்க் கிண்ணத்துக்கும் தயிர்ப் பச்சடிக்கும் நடுவே லேப்டாப். படத் தேர்வு என்று பெயர், உண்மையில் வெட்டுக்குத்து. மாணவியின் படம் ஒன்று வந்தது. பாலாற்றங்கரை, பனி, பின்னால் மலை அடுக்கு, எல்லாம் அம்சம். இடது ஓரத்தில் மட்டும் ஒரு தோல் ஷாப்பின் புகைக்கூண்டு, அதன் கீழே நுரை தள்ளும் ஒரு கால்வாய்.

“வெட்டிடும்மா” என்றார் தம்பி. கட்டிங்காரரும் தலையாட்டினார். பாய் பேசவில்லை. எனக்கு அந்தக் கூண்டு இருக்கட்டும் என்று பட்டது. இந்த ஆற்றுக்காகத் தோல் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் ஊன்றியதில் பெரிய பங்கு அதற்கு உண்டு. ஆனால் எனக்கு அதைவிட முக்கியம், அந்தக் கூண்டு இல்லாவிட்டால் படம் ஏற்காடாக இருக்கலாம், கொல்லிமலையாக இருக்கலாம். கூண்டோடு இருந்தால் அது இங்கேதான்.

“சம்பளம் அங்கேருந்துதானே வருது” என்று ரயில்வேக்காரர் பாயைச் சீண்டினார். பாய் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, படத்தை மறுபடி பார்த்தார். “கலர் கரெக்டா இருக்கு. இருக்கட்டும்” என்றார்.

ஓட்டெடுப்பு நடந்தது. வெட்டலாம் என்று மூன்று கை, வேண்டாம் என்று என்னோடு சேர்த்து இரண்டு. முடிவை எண்ணிச் சொல்வதற்குள் மாணவி படத்தைக் கல்லூரிப் போட்டிக்கு முழுசாகவே அனுப்பிவிட்டிருந்தாள்.