அடிவயிறு கலங்குது என்றால்...

விருதுநகர் – சிவகாசி சாலையில், ஆமத்தூர்ப் பக்கம் தூரத்தில் 'டமார்' என்று சத்தம் கேட்டால், பட்டாசு ஆலைக்கு ஆள் அனுப்பிய வீட்டுப் பெண்களிடமிருந்து முதலில் வரும் சொல் 'பக்குனு ஆயிருச்சு'. புகை கிளம்பிய திசை தெரிந்ததும் 'அடிவயிறு கலங்குது'. போனை எடுக்கவில்லையென்றால் 'ஈரக்குலையே நடுங்குது'. குரலைக் கேட்ட பிறகுதான் 'உசுரு வந்துச்சு'. பயம் என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு இந்தப் பெண்களிடம் இத்தனை படிகள் இருக்கின்றன.

துக்கத்துக்கும் அப்படித்தான். 'வெசனம்' நாள்பட்டது, ஆளையே அரிக்கும். 'மனசு ஆறல' என்பதில் அழுகையோடு கேள்வியும் இருக்கிறது. 'வயித்தெரிச்சல்' நகரத்துப் பேச்சில் பெரும்பாலும் பொறாமை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு அதைச் சொல்லும்போது அது நியாயம் கேட்கும் கோபம்.

மெய்ப்பாடுகளை, அதாவது உணர்ச்சி வெளிப்பாடுகளை, எட்டாகப் பிரித்த தொல்காப்பியம் வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, சொல்லும் காரணங்களில் உறுப்பு அறுபடுவதும் கொலையும் உண்டு. அழுகைக்கான காரணங்களில் வறுமையும் இருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று எந்த வெடிவிபத்தானாலும், நாம் எழுதுவது 'சோகம்', 'கதறல்'. வெகுளியை யாரும் எழுதுவதில்லை.

சொற்கள் வரும், போகும், 'டென்ஷன்' என்றாலும் புரியத்தானே செய்கிறது என்பார்கள். புரிகிறதா என்பதுதான் என் கவலையே. விபத்தில் மகளை இழந்தவள் ஆஸ்பத்திரியில் போய் 'வயிறு எரியுது' என்றால், வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டர் அல்சர் மாத்திரை எழுதிவிடக்கூடும். ஆறுதல் சொல்ல வருகிறவரின் படிவத்தில் 'மன அழுத்தம்: ஆம் / இல்லை' என்று மட்டும் இருந்தால், அவள் 'இல்லை' என்றே சொல்வாள். அவள் பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது.

இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்துத் தந்தார். ஆலைத் தெருக்களின் அச்சத்துக்கும் ஆத்திரத்துக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும். விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். ஆஸ்பத்திரியில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். நோயின் பெயரை அதன் கீழே போட்டுக்கொள்ளலாம்.