விழவும் எழவும் பழகட்டும் பிள்ளைகள்

"சண்டையால பட்டது போதும். இனிப் பிள்ளையும் அடிபடப் பழகோணுமோ?" தற்காப்புக் கலை வகுப்பு என்றதும் தாய்மார் பலர் கேட்பது இதுதான். யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டாலும் இந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் இக்கலைகள் வெறும் அடிதடி அல்ல. ஜப்பானில் 1882 இல் ஜிகோரோ கானோ தொடக்கிய ஜூடோவைப் பாருங்கள். புதிதாக வரும் பிள்ளை காயப்படாமல் விழவே முதலில் பழகுகிறது. நாடியை நெஞ்சோடு அணைத்து, கையால் பாயில் தட்டி விழுந்து, எழும்ப வேண்டும். மற்றவரை வீழ்த்தும் முறைகள் பிறகுதான். எதிரே நிற்பவரை வணங்கியே பயிற்சி தொடங்கும், வணங்கியே முடியும். பிடி இறுகினால் இருமுறை தட்டினால் போதும். மற்றவர் உடனே விட்டுவிட வேண்டும்.

'போதும்' என்று சொல்லவும், மற்றவர் சொன்னால் நிறுத்தவும் பிள்ளை இங்கே பழகுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு மிக அவசியமான பாடம் இது. பெண்பிள்ளைகளோ தங்கள் உடலின் பலத்தை அறிகிறார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களின் ஜூடோ 1964 இல் இடம்பெற்றது. பெண்களுக்குப் பதக்கப் போட்டி 1992 இல்தான் கிடைத்தது.

சேர்க்குமுன் வகுப்பைச் சில நாள் இருந்து பாருங்கள். தாய் பார்ப்பதை விரும்பாத, பிள்ளைகளை அடித்து அவமதிக்கும் ஆசிரியர் வேண்டாம். தலையில் அடிபட்டால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

பயிற்சி பெற்ற பிள்ளைக்கும் யாராலும் துன்பம் நேரலாம். அப்போது "ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவியுங்கள். பிள்ளையைக் காப்பது பெரியவர்களாகிய எங்கள் பொறுப்பு.