குழந்தைகளும் தியானமும்: ஏலி கற்பித்த பாடம்

தியானம் என்ற சொல் நம் பங்குகளில் விந்தையானதொரு பொருளைப் பெற்றுவிட்டது. தவக்காலத்தில் பந்தலிட்டு, ஒலிபெருக்கி கட்டி, வெளியூர்க் குருவானவர் ஒருவரை வரவழைத்து மூன்று நாள் பிரசங்கம் செய்விப்பதையே நாம் தியானம் என்கிறோம். பயனுள்ள முயற்சிதான், ஆனால் அந்த மூன்று நாட்களில் ஒருவரும் பேசாதிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் அது சில நிமிடங்களைத் தாண்டாது. அதே சொல்லை நம் குழந்தைகள் மாலைதோறும் செபமாலையில் ஒவ்வொரு தேவ இரகசியத்திற்கும் முன்பாக உச்சரிக்கிறார்கள். தியானிப்பதாகச் சொன்ன வாய் மூடுமுன் அடுத்த செபம் தொடங்கிவிடுகிறது. தியானிப்பதற்கென்று நாம் விட்டுவைக்கும் இடைவெளி ஒரு மூச்சளவுகூட இல்லை.

கொங்கு நாட்டில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பொள்ளாச்சிக்கு அப்பால் ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷி நிறுவிய அறிவுத்திருக்கோயில் இருக்கிறது. அவருடைய மனவளக்கலையைக் கற்பிக்கும் மன்றங்கள் நம் ஊர்கள் பலவற்றில் உள்ளன. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையம் இருக்கிறது. பள்ளியில் பக்கத்து இருக்கையில் அமரும் தோழி தன் தாயோடு தியானம் பழகுவதைச் சொல்லக் கேட்ட சிறுமி வீடு திரும்பி, "நமக்கும் தியானம் உண்டா அம்மா?" என்று கேட்பது இயல்பே. இந்தக் கேள்விக்குப் பெற்றோர் இரண்டு விதமாக விடையளிக்கிறார்கள். சிலர் அஞ்சி, "அது நம்முடையதல்ல" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர் மகிழ்ந்து, "கற்றுக்கொள், ஞாபக சக்தி வளரும், மார்க்கு கூடும்" என்கிறார்கள். இரண்டு விடைகளும் போதா என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம். எகிப்தின் பாலைவனத் துறவிகள் சங்கீதத்தின் ஒரே ஒரு வரியை நாள் முழுவதும் மனத்துள் திரும்பத் திரும்பச் சொல்லி இறைவனோடு ஒன்றியிருந்ததை ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதிவைத்தார். புனித இஞ்ஞாசியார், சுவிசேஷக் காட்சியை மனக்கண்முன் நிறுத்தி, அதனுள் தாமும் ஒருவராய் நுழைந்து செபிக்கும் முறையை வகுத்துத் தந்தார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், வாய்ச்செபம், தியானம், ஆழ்நிலைச் செபம் ஆகிய மூன்றையும் செப வாழ்வின் வெளிப்பாடுகளாகக் கூறுகிறது. வாய்ச்செபத்தோடு நாம் நின்றுவிட்டது நம் குறையேயன்றித் திருச்சபையின் குறையன்று.

பிற சமயத்தார் வழிகளைப் பற்றியும் திருச்சபை பேசியிருக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15-ஆம் நாளிட்டு ஆயர்களுக்கு எழுதிய மடல், அவற்றுள் பயனுள்ளவற்றை ஏற்கலாம் என்றும், கிறிஸ்தவ செபத்தின் உட்கருத்து அதனால் மறைக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. உடலில் தோன்றும் இதமான உணர்ச்சிகளையெல்லாம் பரிசுத்த ஆவியானவரின் ஆறுதல் என்று எண்ணி மயங்கவேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

இதற்கு ஒருவரின் வாழ்க்கையே நல்ல விளக்கம். 1950-களின் நடுவில் மலாயாவில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த ஜான் மெயின் என்பவர், அலுவல் நிமித்தமாகக் கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தர் என்ற இந்துத் துறவியைச் சந்தித்தார். ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் இல்லம் ஒன்றை நடத்திவந்த அந்தச் சுவாமியிடம், கத்தோலிக்கனாகிய நானும் தியானம் பழகலாமா என்று கேட்டார். சுவாமியோ அவரை மதம் மாறச் சொல்லவில்லை. அவருடைய விசுவாசத்திலிருந்தே ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு காலையும் மாலையும் அமரும்படி கூறினார். பின்னர், 1959-இல், ஜான் மெயின் லண்டனில் புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தபோது, இந்த முறையை விட்டுவிடும்படி மடத்துப் பெரியவர் பணித்தார். அவரும் கீழ்ப்படிந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1970-களின் தொடக்கத்தில், காசியனின் நூலிலேயே அந்த முறை இருக்கக் கண்டு வியந்தார். இந்துத் துறவி ஒருவர் சுட்டிக்காட்டிய செல்வம் நம் வீட்டுப் பேழையிலேயே இருந்தது! 1982-இல் அவர் இறந்தார்; அவர் வழியில் தியானிக்கும் குழுக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன.

மார்க்குக்காகத் தியானம் என்ற இரண்டாவது விடைக்கு அதிக இடம் தரவேண்டியதில்லை. மனம் அடங்கினால் படிப்பு ஏறலாம், நல்லதே. ஆனால் ஆண்டவர் முன்னிலையில் அமர்வதைத் தனிப்பயிற்சி வகுப்புகளின் பட்டியலில் மற்றொன்றாகச் சேர்த்துவிட்டால், தேர்வு முடிந்த அன்றே குழந்தை அதையும் புத்தகங்களோடு கட்டி மூலையில் வைத்துவிடும்.

"எல்லாம் சரி, ஓரிடத்தில் இரண்டு நிமிடம் உட்காராத பிள்ளையா தியானம் செய்யும்?" என்று தாய்மார் கேட்பது காதில் விழுகிறது. இதற்கு விடை, கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமாகிய மரியா மாண்டிசோரி அம்மையார் கண்ட அனுபவத்தில் இருக்கிறது.

1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் முதற் பள்ளியைத் திறந்தார். ஒருநாள் முற்றத்தில் ஒரு தாய் நான்கு மாதக் குழந்தையை ஏந்தி நிற்கக் கண்டு, அந்தப் பச்சிளங்குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்பினுள் நுழைந்தார். 'இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாயிருக்கிறது பாருங்கள். இதன் மூச்சு எவ்வளவு மெல்லியது! உங்களில் யாராலும் இப்படி இருக்கமுடியாது' என்று அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கால்களை அசையாமல் வைத்து, மூச்சையும் மெதுவாக்கி அமர்ந்துவிட்டார்கள். அதுவரை ஒருவரும் கவனியாத கடிகாரத்தின் ஓசை அந்த அறையில் கேட்கத் தொடங்கிற்று.

அதன்பின் அவர் அடுத்த அறைக்குச் சென்று மறைந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி மிக மெல்லிய குரலில் அழைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கடைசிப் பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கும்! அழைக்கப்பட்ட குழந்தை நாற்காலி உரசாமல் எழுந்து, நுனிக்காலில் நடந்து வந்தது. இவ்வளவு பொறுமைக்குப் பரிசாக மிட்டாய் தருவதாகச் சொல்லிக் கொடுத்தபோது பிள்ளைகள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த அமைதியே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இந்த அம்மையார் நம் தமிழ்நாட்டிற்கும் அந்நியரல்லர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சுமார் 300 பேர் அதில் சேர்ந்தார்கள். போர் மூண்டு, இத்தாலி எதிரி நாடானமையால், ஊர் திரும்ப இயலாமற் போயிற்று. 1942 முதல் 1944 வரை நம் பழநிமலைத் தொடரிலுள்ள கோடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் வழியைப் பின்பற்றி ரோமையில் 1954-இல் மறைக்கல்வி கற்பிக்கத் தொடங்கிய சோபியா கவலெத்தி என்பவர், சின்னஞ்சிறு பிள்ளைகளை எல்லா உவமைகளையும்விட அதிகமாக ஈர்ப்பது நல்ல ஆயன் உவமையே என்று கண்டார். அந்த ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் அல்லவா?

அண்மைக் காலத்தில், ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மறைமாவட்டம் தன் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஜான் மெயின் காட்டிய தியானத்தை வகுப்பு நேரத்திலேயே கற்பிக்க முற்பட்டது. மாரனாத்தா, அதாவது 'ஆண்டவரே வாரும்' என்ற அரமேயச் சொல்லைப் பிள்ளைகள் மனத்துள் மெல்லச் சொல்லிக்கொண்டு அமர்கிறார்கள். குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை நிமிடம் என்பது எளிய கணக்கு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் விசைத்தறியின் ஓசை ஓய்வதே இல்லை. திருப்பூரில் தாய் ஒரு ஷிப்டு, தந்தை ஒரு ஷிப்டு. இத்தகைய வீட்டில் மௌனம் எங்கே கிடைக்கும்? அருகிலேயே கருமத்தம்பட்டியில் செபமாலை அன்னையின் பழம்பெரும் ஆலயம் இருக்கிறது. அங்கே போய் ஒரு நாழிகை அமரலாம். ஆனால் நாள்தோறும் வேண்டியது வேறு. வெளியோசை நிற்கவேண்டும் என்பதில்லை. தொலைக்காட்சியும் கைப்பேசியும் நின்றால் போதும். தறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே அமர்ந்த குழந்தைக்குச் சற்று நேரத்தில் அது மழையைப்போல் ஆகிவிடும்.

குடும்ப செபத்தில் ஒரே ஒரு தேவ இரகசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் குடில் என்றால், அங்கே குளிராயிருந்ததா, விளக்கு இருந்ததா, வைக்கோலின் மணம் எப்படி என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். முதுகு நிமிர்ந்து தரையில் அமரட்டும். கண்ணை மூடப் பிடிக்காத பிள்ளை மெழுகுதிரியைப் பார்த்திருக்கட்டும். இயேசுவின் திருநாமம் ஒன்றே மனத்துள் சொல்லப் போதும். மூச்சை அடக்கும் பயிற்சிகள் எதுவும் வேண்டா. முதல் வாரம் ஒரு நிமிடம்; அதைக்கூட நீட்ட ஆசைப்படாதீர்கள். முடிவில் தாயோ தந்தையோ அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் தணிந்த குரலில் அழைக்கலாம். நம் பக்கத்துத் தாய்மார் பிள்ளையை 'சாமி' என்றும் 'கண்ணு' என்றும் அழைப்பார்கள், அழகான வழக்கம்தான். ஆயினும் இந்த வேளையில் திருமுழுக்கில் இட்ட பெயரே நன்று.

'என்ன கண்டாய், என்ன உணர்ந்தாய்' என்று விசாரிக்கவேண்டாம். விசாரித்தால் பிள்ளை நமக்குப் பிடித்த விடையைக் கற்பனை செய்யத் தொடங்கிவிடும். நெளிந்த பிள்ளையை அதட்டவேண்டாம். 'வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்' என்று தண்டனையாக மௌனத்தைக் கொடுத்துப் பழகியிருப்போமாயின், அதே மௌனத்தைக் கொடையாகக் கொடுக்கச் சில வாரங்கள் பிடிக்கும். வீட்டில் சாவோ பெருந்துயரமோ நேர்ந்து கலங்கியிருக்கும் குழந்தையைத் தனியே கண்மூடி அமரச் செய்யாமல், மடியில் அமர்த்திக்கொள்வதே அப்போதைய செபம். எல்லாவற்றிற்கும் மேலாக, பெற்றோரும் உடன் அமரவேண்டும். பிள்ளையைத் தியானத்தில் உட்கார்த்திவிட்டுத் தந்தை திண்ணையில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பது நடவாத காரியம்.

உடன் அமருவதற்கு ஒரு விலையுண்டு. அதை மறைப்பது முறையாகாது.

திருமறையில் சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் ஆலயத்தில் படுத்திருந்தான். விளக்கு இன்னும் அணையவில்லை. பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டு மும்முறை எழுந்து முதிய குரு ஏலியிடம் ஓடினான். ஏலிக்குப் பார்வை மங்கியிருந்தது. அந்தக் குரலும் அவருக்குக் கேட்கவில்லை. ஆயினும் மூன்றாம் முறை, அழைக்கிறவர் யார் என்பதை அவர் உணர்ந்துகொண்டு, இனி அழைத்தால் என்ன மறுமொழி சொல்லவேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்பித்து அனுப்பினார். தமக்குக் கேளாத குரலைக் கேட்கப் பிள்ளைக்குக் கற்பித்தார்! இதைவிடச் சிறந்த மறைக்கல்வி ஆசிரியர் உண்டா?

ஆனால் அன்றிரவு சாமுவேல் கேட்ட செய்தி என்ன? ஏலியின் சொந்தக் குடும்பத்தைப் பற்றிய கடுந்தீர்ப்பு. மைந்தர்கள் செய்த தீமையை அறிந்தும் அவர்களைத் தடுக்காத குற்றத்திற்கான தண்டனை. மௌனமாயிருக்கக் கற்ற குழந்தை அதுவரை பார்க்காததைப் பார்க்கும். அப்பா குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றியும், பாட்டிக்குச் சோறிடும்போது அம்மாவின் முகம் மாறுவதைப் பற்றியும் ஒருநாள் அது கேட்கலாம். நீங்கள் தேர்ந்த படிப்பு தனக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

சாமுவேல் விடியும்வரை படுத்திருந்து, எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்தான். கேட்டதை ஏலியிடம் சொல்ல அவனுக்கு அச்சமாயிருந்தது. ஏலியோ அவனை அருகில் அழைத்தார். மகனே என்று விளித்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லும்படி கேட்டார். சிறுவன் எல்லாவற்றையும் சொன்னான். முதியவர் கோபிக்கவில்லை, அது ஆண்டவருடைய சொல் என்று ஏற்றுக்கொண்டார்.