அலறுவது யார்?

ஓவியர் எட்வர்ட் முங்க் 1893இல் தீட்டிய ‘அலறல்’ ஓவியத்தை அறியாத வாசகர் ஒஸ்லோவில் இருக்க முடியாது. சாவிக்கொத்திலும் தேநீர்க் கோப்பையிலும் அதுவே இந்நகரின் அடையாளமாக விற்கப்படுகின்றது. எமது பிள்ளைகளோ கைத்தொலைபேசியின் முகக்குறியாக அதனை அறிவர்.

2011இல் ருமேனியக் கலைஞர் செபஸ்தியான் கொசோர் இவ்வோவியத்தைக் கணனி மூலம் அசையச்செய்து ஒரு குறும்படமாக்கினார். செவ்வானமும் பாலமும் கனவிற் காண்பதுபோல் உயிர்பெறுகின்றன. பின்னணியில் ஒலிப்பது பிங்க் ஃபுளொயிட் என்னும் ஆங்கில இசைக்குழு 1973இல் வெளியிட்ட, மரணம் பற்றிய இசை. அதிலே பாடகி கிளேர் டொரி ஒரு சொல்லையேனும் உச்சரிப்பதில்லை. வெறுங் குரலாகவே எழுந்து தணிகின்றார். செத்தவீட்டு ஒப்பாரி சொல்லிழந்து ஓலமாகும் கட்டத்தைக் கேட்ட எமக்கு அது அந்நியமன்று.

எனினும் படத்தோடு குரல் சேர்ந்தவுடனே, அலறுவது அந்த உருவந்தான் என்று எமது செவி தீர்ப்பளித்துவிடுகின்றது. ஓவியரின் குறிப்பு அவ்வாறு கூறவில்லை. 1892இல் அவர் எழுதிவைத்தது வேறு: இரு நண்பருடன் நடக்கையில் வானம் இரத்தமாய்ச் சிவந்தது, நண்பர் முன்னே சென்றனர், தாம் களைத்து நின்றபோது இயற்கையை ஊடறுத்துச் செல்லும் ஓர் அலறலை உணர்ந்தார். அப்படியாயின் அவ்வுருவம் கேட்கின்றது. கேட்கப் பொறாமற் காதைப் பொத்துகின்றது. மௌனமான ஓவியம் இரண்டிற்கும் இடம் வைத்தது. ஒலி புகுந்த அசைபடத்தில் அந்த இடம் குறுகிவிட்டது என்பதே எமது அபிப்பிராயம். படம் அழகானதுதான், அதனை மறுப்பதற்கில்லை.

எம்மவர் பார்வையில் மூன்றாவது பொருளும் உண்டு. விமானக் குண்டுவீச்சின்போது காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தால் செவிப்பறை கிழியாது என்று பதுங்குகுழிகளிற் சொல்லித் தந்தார்கள். பொத்திய கை, திறந்த வாய். ‘கிபீர்’ இரைச்சலைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இவ்வோவியத்தின் முன் நின்றால், குறியீடு எதனையும் தேடமாட்டார். அவருக்கு அது தெரிந்த ஒரு நிலை.

நோர்வேஜிய மொழியில் இதன் பெயர் ‘ஸ்க்ரீக்’. தமிழில் அலறல், கதறல், ஓலம் என எதனையும் சொல்லலாம். ஒவ்வொன்றும் வேறு ஆளைக் காட்டும். அலறினேன் என்பதற்கும் அலறல் கேட்டேன் என்பதற்கும் உள்ள தூரத்தைத் தஞ்ச விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் அருகே அமர்ந்தவர்கள் நன்கறிவர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1893ஆம் ஆண்டு ஓவியத்தின் இடது மேல்மூலையில், பைத்தியக்காரன் ஒருவனாலேயே இதனைத் தீட்டியிருக்க முடியும் என்னும் பொருள்பட நோர்வேஜிய மொழியில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. கண்காட்சிக்கு வந்த எவரோ கிறுக்கியது என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். 2021இல் தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்பு ஒளியால் ஆராய்ந்து, அது முங்க்கின் கையெழுத்தே என அறிவித்தது. 1895இல் இந்நகர மாணவர் சங்க விவாதத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் அவரது மனநிலையையே சந்தேகித்துப் பேசினார். அந்தக் காயத்தின் பின்னரே அவர் அதனை எழுதியிருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தாரின் கருத்து. ஏளனமா, வேதனையா? அதுவும் பார்ப்பவர் தீர்மானிக்கவேண்டியதே.

அந்த ஓவியம் 1994 பெப்ரவரியில், லில்லெஹாமர் ஒலிம்பிக் தொடங்கிய நாளில் களவுபோய், அதே ஆண்டு மே மாதத்தில் மீட்கப்பட்டது. 2022இல் திறக்கப்பட்ட புதிய தேசிய அருங்காட்சியகக் கட்டடத்துக்கு அது இடம்மாறியது. பியோர்விக்காவிலுள்ள முங்க் அருங்காட்சியகம் வேறு வடிவங்களை மாறிமாறிக் காட்டுகின்றது. பிள்ளைகளுடன் செல்பவர்கள் முதலில் அசைபடத்தைக் காட்டாது ஓவியத்தின் முன்னே நிறுத்தி, அந்த உருவம் என்ன செய்கின்றது என்று கேட்டுப்பார்க்கலாம். பென்சில் வரி மிக மெல்லியது. சற்று அருகே சென்றாலே தெரியும்.