பாதையைப் பார்த்துக்கொள்வது யார்?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். 1937-இல் போட்டு முடித்தார்கள். அதை யார் பராமரிக்கிறார்கள், தெரியுமா? பெரும்பாலும் தொண்டர்கள்தான். கூலி கிடையாது.

பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்ச தூரம்.

மழைத் தண்ணீர்தான் பாதைக்கு எதிரி. மண்ணை அரித்து, பாதையை ஓடையாக்கிவிடும். அதனால் கல்லையோ கட்டையையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பதிக்கிறார்கள். தண்ணீர் பக்கத்தில் இறங்கிவிடும். நாம் வயலில் மடை திறந்து விடுகிறோமே, அது மாதிரி. சேரும் மண்ணை அடிக்கடி வாரவேண்டும். இல்லாவிட்டால் கட்டை இருந்தும் வீண்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்தது. பாதையின் தென்பகுதியில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. தொண்டர்கள் ரம்பத்தோடு போனார்கள். இயந்திர ரம்பத்தைப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்கலாம். மற்றவர்கள் கிளைகளை இழுத்துப் போட்டார்கள்.