கம்மடுவ சொன்னால் கொழும்புக்குக் கேட்குமா?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் 'டித்வா' புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. மாத்தளை மாவட்டம் கம்மடுவப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மாத்தளையும் தன் மக்களைப் பறிகொடுத்தது.

இத்தகைய நேரத்தில் ஊர்மக்களின் கைப்பேசிதான் முதல் செய்தியாளர். ஆளுக்கொரு பக்கம் எழுதுவதைத் திரட்டி, எங்கே என்ன நடக்கிறது என்று கணினியால் சொல்ல முடியும். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இலேயே இதைச் செய்து காட்டினார்கள். மக்களின் ட்விட்டர் பதிவுகளை மட்டும் வைத்து, ஜப்பானிய அளவுகோலில் 3க்குக் குறையாத நில அதிர்வுகளில் 96 சதவீதத்தை அவர்களின் மென்பொருள் கண்டுபிடித்தது.

இத்தகைய மென்பொருள் கேட்கும் கேள்விகள் எளியவை. எப்போதாவது வரும் சொல் திடீரென்று குவிகிறதா? எல்லாரும் ஒரே இடத்தைச் சொல்கிறார்களா? பலர் கண்டதா, ஒரே படத்தைப் பலர் பகிர்ந்ததா?

நம்மிடம் அது தடுமாறும். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒருவர், "லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிருச்சு" என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'மண்சரிவு' என்ற ஏட்டுச் சொல்லைத் தேடும் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். அதையே அவர் ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் சிக்கல். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், நம் வாயில் வேறு பெயர். வாட்ஸ்அப் குழுவுக்குள் போட்டதோ வெளியே தெரியவே தெரியாது.

எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவு வரவில்லை என்ற குறை டித்வா காலத்தில் உரக்க எழுந்தது. நியாயமான குறை. தமிழன் எழுப்பும் அபயக் குரலைக் கேட்கவும் ஏற்பாடு வேண்டும். மலையகப் பேச்சும் தோட்டப் பெயர்களும் தெரிந்த கருவியை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்க வேண்டும். அது காட்டும் இடத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிசெய்ய, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஆபத்தைக் கண்டால் முதலில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பிறகு பதிவிடுங்கள்: ஊர், தோட்டம், டிவிசன், நேரம் நான்கையும் எழுதுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். பழைய படம் ஒன்றைப் பகிர்ந்தால், மீட்புக் குழு தவறான மலைக்குப் போய்விடும்.